வாய் 'ஒண்ணுமில்லே' என்கிறது... உடம்பு என்ன சொல்கிறது?

"என்னம்மா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லே."

"பின்னே ஏன் ஒரு மாதிரியா இருக்கே?"

"அதான் ஒண்ணுமில்லேன்னு சொல்றேன்ல!"

நம் வீடுகளில் தினமும் நடக்கிற பேச்சு இது. கேட்டவர் 'நாம கேட்டாச்சு' என்று போய்விடுவார். சொன்னவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். இரண்டு மாதம் கழித்து, நோய் முற்றிய நிலையில் டாக்டரிடம் வந்து உட்காரும்போது, "எங்ககிட்டே ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே டாக்டர்!" என்று குடும்பமே அங்கலாய்க்கும்.

உண்மையில் அவர் சொல்லாமல் இல்லை. வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். உட்காரும்போது முழங்காலில் கை ஊன்றினார். சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைத்தார். பேச்சு நடுவில் பெருமூச்சு விட்டார். எல்லாமே பேச்சுதான். அந்தப் பேச்சைப் படிப்பது எப்படி, நம் உடம்பால் பதில் பேசுவது எப்படி என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

இதை ஏன் ஒரு சித்த வைத்தியர் எழுதவேண்டும் என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

எட்டில் ஒன்றுதான் பேச்சு!

சித்த மருத்துவத்தில் நோயைக் கண்டுபிடிக்க 'எண்வகைத் தேர்வு' என்று ஒரு முறை உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு. கல்லூரியில் முதலில் மனப்பாடம் ஆகிற பட்டியல்களில் இதுவும் ஒன்று.

இந்த எட்டையும் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். நோயாளியின் வாய்ப்பேச்சோடு சம்பந்தப்பட்டது 'மொழி' ஒன்றுதான். அதிலும் அவர் என்ன வார்த்தை சொன்னார் என்பதைவிட, எந்தக் குரலில் சொன்னார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். குரல் உரத்து ஒலிக்கிறதா, தாழ்ந்து ஒலிக்கிறதா, சமமாக ஒலிக்கிறதா என்று பார்ப்போம். மற்ற ஏழும் வார்த்தையே இல்லாத சங்கதிகள்.

நாடி பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என்று மூன்று விரல் வைத்துப் பார்க்கிறோம். அந்த ஒரு நிமிடத்தில் நாடி மட்டுமா தெரிகிறது? கை ஜில்லிட்டிருக்கிறதா, உள்ளங்கை வியர்த்திருக்கிறதா, விரல் நடுங்குகிறதா, கையைத் தளர்வாகக் கொடுக்கிறாரா, விறைப்பாக வைத்திருக்கிறாரா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அவர் பக்கம் இன்னொன்று நடக்கிறது. 'ஒருத்தர் நம்ம கையைப் பிடிச்சு நிதானமா கவனிக்கிறார்' என்ற தைரியம் வருகிறது. கை பிடித்த பிறகுதான் பலபேருக்கு வாயே திறக்கும்!

இந்தக் கலை வைத்தியர்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பொருட்பாலில் 71-வது அதிகாரம், காமத்துப்பாலில் 110-வது அதிகாரம். அரசவையிலும் சரி, ஆண் பெண் அன்பிலும் சரி, சொல்லாததைப் படிக்கத் தெரியவேண்டும் என்று வள்ளுவர் நினைத்திருக்கிறார். தொல்காப்பியத்தில் 'மெய்ப்பாட்டியல்' என்று ஓர் இயலே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை எட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

முதல் பாடம்: வழக்கம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒருவர் பேசாமல் இருக்கிறார் என்றால் அவருக்கு ஏதோ கஷ்டம் என்று அர்த்தமா? இல்லை. அவர் சுபாவமே அப்படி இருக்கலாம். கலகலவென்று பேசுகிறவர் ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை என்றால்தான் அது செய்தி. மாறுதலைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் டாக்டரைவிட உங்களுக்குத்தான் வசதி அதிகம். டாக்டர் அந்த நோயாளியைப் பத்து நிமிடம் பார்க்கிறார். நீங்கள் முப்பது வருடமாகப் பார்க்கிறீர்கள். அப்பா தினமும் எப்படி நடப்பார், அம்மா எந்தக் கையில் குடத்தைத் தூக்குவாள், மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் எதைத் தேடுவான் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், அறுபத்தைந்து வயது இருக்கும். "வாயுத் தொல்லை, ஏதாவது சூரணம் கொடுங்க" என்று வந்தார். கூட வந்த மகள் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். "அப்பா முன்னே எல்லாம் மார்க்கெட்டுக்கு ஒரே மூச்சிலே போய்ட்டு வருவார். இப்ப வழியிலே ரெண்டு இடத்திலே நின்னு சினிமா போஸ்டரைப் பார்க்கிறார். அவருக்கு சினிமாவே பிடிக்காதுங்க!"

எனக்குச் சுருக்கென்றது. நடந்தால் நெஞ்சு அடைக்கிறது, நின்றால் சரியாகிறது. அதை வெளியே காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, போஸ்டர் பார்ப்பதுபோல் பாவனை! இதயத்துக்கு ரத்தம் போதாத ஆட்கள் செய்கிற வேலை இது. சூரணம் கொடுக்கவில்லை. அன்றைக்கே இதய மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. ஸ்டென்ட் வைத்து, இப்போது நன்றாக இருக்கிறார். கண்டுபிடித்தது நான் இல்லை. அப்பாவின் நடையைக் கவனித்த அந்தப் பெண்தான்.

இரண்டாவது பாடம்: ஒற்றை அடையாளத்தை நம்பாதீர்கள்

'கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவர் மனசைத் திறக்கமாட்டார்', 'கண்ணைப் பார்க்காமல் பேசினால் பொய் சொல்கிறார்', 'மூக்கைத் தொட்டால் திருட்டுத்தனம்' என்று நிறையப்பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இதையெல்லாம் நம்பி வீட்டில் விசாரணைக் கமிஷன் வைத்துவிடாதீர்கள்!

கையைக் கட்டியிருப்பவருக்குக் குளிர் அடிக்கலாம். தோள்பட்டை வலி இருக்கலாம். பெரியவர் முன்னால் கைகட்டி நிற்பது நம் ஊரில் மரியாதையும்கூட. அதேமாதிரி, பெரியவர்களிடம் பேசும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்ளும்படிதான் நாமே பிள்ளைகளை வளர்க்கிறோம். அப்புறம் "ஏன்டா என் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டேங்கிறே?" என்று அதட்டினால் அவன் என்ன செய்வான்?

முகத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று மார்தட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல். இதுபற்றி நடந்த ஏராளமான ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2006-ல் இரண்டு அமெரிக்க உளவியல் நிபுணர்கள் கணக்குப் பார்த்தார்கள். மனிதர்கள் உண்மையையும் பொய்யையும் சரியாகப் பிரித்தது சராசரியாக 54 சதவிகிதம்தான். பூவா தலையா போட்டுப் பார்த்தாலே 50 கிடைத்துவிடும்!

இன்னொரு கணக்கும் அடிக்கடி காதில் விழும். 'பேச்சில் வார்த்தைக்கு 7 சதவிகிதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, முகத்துக்கு 55' என்று. 1967-ல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்பவர் வெளியிட்ட இரண்டு ஆராய்ச்சிகளில் இருந்து வந்தது இது. ஆனால் அவர் சோதித்தது மிகவும் குறுகலான ஒரு விஷயத்தை. ஒருவர் நம்மை விரும்புகிறாரா, வெறுக்கிறாரா என்பதில் சொல் ஒன்றாகவும், குரலும் முகமும் வேறாகவும் இருந்தால் எதை நம்புகிறோம் என்பதைத்தான் பார்த்தார். எல்லாப் பேச்சுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று பின்னால் அவரே சொல்லிவிட்டார். 'சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை' என்பதைப் புன்னகையாலும் புருவத்தாலும் சொல்லிவிட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்!

ஆக, ஒன்றை வைத்து முடிவு கட்டாதீர்கள். மூன்று நான்கு அடையாளம் ஒரே திசையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். தூக்கம் கெட்டிருக்கிறது, குரல் கம்மியிருக்கிறது, தோள் தொங்கிவிட்டது, பிடித்த பதார்த்தத்தைக்கூடத் தொடவில்லை என்றால், அப்போது பக்கத்தில் போய் உட்காருங்கள்.

மூன்றாவது பாடம்: உங்கள் உடம்பும் பேசுகிறது!

நாம் அவரைப் படிக்கிற நேரத்தில் அவரும் நம்மைப் படித்துக்கொண்டிருக்கிறார். "சொல்லுப்பா, என்ன விஷயம்?" என்று வாய் கேட்கிறது. கை பைக் சாவியை உருட்டுகிறது, கண் செல்போனில் இருக்கிறது, கால் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அவர் எதை நம்புவார்? காலைத்தான்! "ஒண்ணுமில்லே" என்ற பதில் வருவது இதனால்தான்.

எனவே சில விஷயங்களைப் பழகிக்கொள்ளுங்கள்.

உட்காருங்கள்: நின்றுகொண்டு கேட்டால் 'அவசரம்' என்று அர்த்தம். 2012-ல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே டாக்டர், சில நோயாளிகளிடம் நின்றபடி பேசினார், சிலரிடம் உட்கார்ந்து பேசினார். செலவான நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உட்கார்ந்து பேசியபோது, 'டாக்டர் ரொம்ப நேரம் இருந்தார்' என்று நோயாளிகள் நினைத்தார்கள். ஒரு நாற்காலி செய்கிற வேலையைப் பாருங்கள்!

கண் மட்டம் ஒன்றாக இருக்கட்டும்: அவர் பாயில் படுத்திருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். குழந்தையோடு பேசும்போது குனிந்து, முட்டி போட்டுப் பேசுங்கள். மேலிருந்து வருகிற பார்வை, எவ்வளவு பிரியமாக இருந்தாலும், மிரட்டல் மாதிரிதான் தெரியும்.

பக்கவாட்டில் அமருங்கள்: நேருக்கு நேர் மேஜை போட்டு உட்கார்ந்தால் அது இன்டர்வியூ. மேஜையின் மூலையில், சற்றே சாய்வாக உட்கார்ந்தால் அவர் விரும்பும்போது உங்களைப் பார்க்கலாம், வேண்டாதபோது வேறு எங்காவது பார்க்கலாம். வெட்கப்பட்ட விஷயங்களைப் பேச இதுதான் வசதி. சேர்ந்து கீரை ஆய்கிறபோதும், மொட்டை மாடியில் நடக்கிறபோதும் எத்தனையோ ரகசியங்கள் வெளியே வருவது இதனால்தான்.

இடைவெளி: இரண்டு மூன்று அடி தூரம் பெரும்பாலும் சரியாக இருக்கும். நீங்கள் நெருங்கும்போது அவர் பின்னால் சாய்ந்தால், நீங்களும் ஒரு சாண் பின்வாங்குங்கள். அவருக்கு வேண்டிய இடத்தை அவரே அளந்து சொல்கிறார் என்று அர்த்தம்.

தொடுதல்: தோளில் கை வைப்பதும் கையைப் பிடித்துக்கொள்வதும் நல்ல மருந்து. ஆனால் உறவும் வயசும் பார்த்து. வளர்ந்த பிள்ளைக்கும், வேற்று மனிதர்களுக்கும் அது கூச்சமாக இருக்கலாம். தொட்டதும் உடம்பு இறுகினால் கையை எடுத்துவிடுங்கள்.

குறுக்கே பேசாதீர்கள்: இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. 1984-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்த சராசரி 18 விநாடியில் டாக்டர்கள் குறுக்கிட்டது தெரியவந்தது. 2002-ல் ஸ்விட்சர்லாந்தில் பதில் சோதனை நடத்தினார்கள். குறுக்கே பேசாமல் விட்டால் நோயாளி எவ்வளவு நேரம்தான் பேசுவார் என்று 335 பேரிடம் பார்த்தார்கள். சராசரி 92 விநாடி! நூற்றில் 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே முடித்துவிட்டார்கள். 'பேசவிட்டால் நிறுத்தவே மாட்டார்' என்பதெல்லாம் நம் பயம்தான்.

எங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்கு இது பொருந்துமா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. பரவாயில்லை, முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் அவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

பேச்சு நின்றுபோனால் உடனே அந்த இடத்தை நிரப்பாதீர்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். முக்கியமான விஷயம் பெரும்பாலும் அந்த மௌனத்துக்கு அடுத்து வரும்.

நான்காவது பாடம்: பார்த்ததைக் கேள்வியாக மாற்றுங்கள்

கவனிப்பது பாதி வேலை. கவனித்ததை வைத்துத் தீர்ப்பு சொல்வது தப்பு. "நீ கோபமா இருக்கே", "உனக்கு என்னைப் பிடிக்கலை" என்று சொன்னால் எதிராளி எதிர்த்து வாதாடத்தான் பார்ப்பார். பார்த்ததை மட்டும் சொல்லி, அர்த்தத்தை அவரிடமே கேளுங்கள்.

"ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?" என்று கேட்கவேண்டாம். "ரெண்டு நாளா நீ சரியா சாப்பிடலையே, என்னம்மா விஷயம்?" என்று கேளுங்கள்.

"சும்மா வலி வலின்னு நடிக்காதே" என்று சொல்லவேண்டாம். "எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடிச்சுக்கிறீங்களே அத்தே, எந்த இடத்திலே வலிக்குது?" என்று கேளுங்கள்.

"மார்க் குறைஞ்சதுக்கா இந்த முகம்?" என்று மகனை மடக்கவேண்டாம். "நீ இப்பல்லாம் விளையாடப் போறதில்லையேப்பா, ஏதாவது சங்கடமா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் சும்மா உட்காருங்கள்.

அவர் தருகிற பதில் உங்கள் ஊகத்துக்கு நேர் எதிராக இருக்கலாம். ஏற்றுக்கொள்ளுங்கள். குறிப்பு என்பது கதவு. உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரர்தானே சொல்லவேண்டும்?

நம் ஊர்த் தலையாட்டலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். "காலையிலே ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி. புரிஞ்சுதா?" என்று கேட்டால் வயதானவர்கள் அழகாகத் தலையை ஆட்டுவார்கள். அந்த ஆட்டலுக்கு 'புரிந்தது' என்றும் அர்த்தம் உண்டு, 'நீங்க பேசுறதைக் கேட்டுக்கிட்டிருக்கேன்' என்றும் அர்த்தம் உண்டு, 'டாக்டரை எதிர்த்துக் கேட்கக்கூடாது' என்றும் அர்த்தம் உண்டு! சர்க்கரை மாத்திரையிலும் ரத்தக்கொதிப்பு மாத்திரையிலும் இந்தக் குழப்பம் ஆபத்து. அதனால், "எப்படி சாப்பிடப் போறீங்கன்னு எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். தலையாட்டலை நம்பவேண்டாம்.

ஐந்தாவது பாடம்: டாக்டரிடம் கூட்டிப்போகும்போது

கூட வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியை டாக்டர் கேட்கும்போது நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

மூட்டுவலி என்று ஓர் அம்மாவை மகனும் மருமகளும் கூட்டிவந்தார்கள். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மகனே பதில் சொன்னார். அந்த அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். புடவையை அடிக்கடி இழுத்துச் சரிசெய்தார். உள்ளே வரும்போதே பாத்ரூம் எங்கே என்று கேட்டிருந்தார், நடுவில் மறுபடியும் கேட்டார். மூட்டுவலிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையே! உதவியாளர் பெண்ணை மட்டும் கூட இருக்கச் சொல்லிவிட்டு, மகனையும் மருமகளையும் மருந்து வாங்கிவர அனுப்பினேன். நாடி பிடித்தபடி, "அம்மா, இருமினா தும்மினா சிறுநீர் கசியுதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவ்வளவுதான், கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடமாக இந்தத் தொல்லை. அதனால் கல்யாணம், கோயில், பஸ் பயணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். 'மூட்டு வலிக்குது, வரலை' என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிரசவம் கண்ட பெண்களுக்கும் வயதான பெண்களுக்கும் சகஜமாக வருகிற உபாதைதான் இது. இடுப்புக்குழித் தசைகளை இறுக்கித் தளர்த்துகிற பயிற்சியிலேயே பலருக்கு நன்றாகக் குறையும். பெண் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பிவைத்தேன். சில மாதம் கழித்து, பேத்தியின் காதுகுத்துக்குப் போய்வந்த பிரசாதத்தோடு வந்தார்!

டாக்டரிடம் நீங்களும் கையால் பேசலாம். வலி எங்கே என்று வார்த்தையில் விளக்குவதைவிடத் தொட்டுக் காட்டுங்கள். ஒரே விரலால் ஒரே புள்ளியைக் காட்டுகிறீர்களா, உள்ளங்கையால் பரவலாகத் தடவிக் காட்டுகிறீர்களா என்பதே டாக்டருக்குப் பெரிய துப்பு. வலி ஓடுகிறது என்றால் எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டுங்கள். உட்காரக் கஷ்டமாக இருந்தால் மரியாதைக்காகச் சிரித்துக்கொண்டு உட்காராதீர்கள். டாக்டர் உங்கள் சிரிப்பைப் பார்த்து ஏமாந்துவிடுவார்!

சும்மா இருக்கக்கூடாத குறிப்புகள்

சில குறிப்புகளைப் பார்த்தால் கேள்வி கேட்டுக்கொண்டு இருக்க நேரம் இல்லை.

நெஞ்சில் மூடிய கை: 'நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு' என்று சொல்லிக்கொண்டே, கையை மூடி நடுநெஞ்சில் வைத்து அழுத்துகிறாரா? சாமுவேல் லெவின் என்ற அமெரிக்க இதய நிபுணர் இதைக் கவனித்துச் சொன்னதால் மருத்துவத்தில் இதற்கு 'லெவின் குறி' என்றே பெயர். கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், இடதுகை அல்லது தாடையில் வலி இருந்தால் தாமதம் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். 'வாயுவாக இருக்கும்' என்று கஷாயம் போட உட்காராதீர்கள். சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன்! கை நெஞ்சுக்குப் போகவில்லை என்பதால் மாரடைப்பு இல்லை என்றும் நினைக்கவேண்டாம். பெண்களுக்கும், முதியவர்களுக்கும், வெகுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலி தெரியாமலே திடீர்ச் சோர்வும் வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம்.

கோணிய புன்னகை: சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கையையும் நீட்டச் சொன்னால் ஒரு கை தானாக இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? மூளைக்குப் போகிற ரத்தம் தடைப்பட்டிருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். எப்போது ஆரம்பித்தது என்று மணியைக் குறித்துக்கொண்டு, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சலனமில்லாத முகம்: 'தாத்தா இப்பல்லாம் சிரிக்கிறதே இல்லை, எங்க மேலே பாசமே போயிடுச்சு' என்று சில வீட்டில் குறைப்படுவார்கள். முகத்தில் பாவம் குறைந்து, கண் இமைப்பதும் குறைந்து, நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருந்தால் பார்க்கின்சன் நோயின் ஆரம்பமாக இருக்கலாம். சித்தத்தில் நடுக்குவாதம் என்போம். முகத் தசை ஒத்துழைக்கவில்லையே தவிர, பாசம் எங்கேயும் போகவில்லை. நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சொல்லத் தெரியாதவரின் வலி: மறதி நோய் முற்றியவர்களால் 'வலிக்கிறது' என்று சொல்ல முடியாது. அவர்களுக்காக 2003-ல் அமெரிக்காவில் ஓர் அளவுகோல் செய்தார்கள். மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடம்பின் விறைப்பு, சமாதானப்படுத்தினால் அடங்குகிறாரா என்பது ஆகிய ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், குளிப்பாட்டும்போதும் புரட்டிப் படுக்கவைக்கும்போதும் இந்த ஐந்தையும் கவனியுங்கள். 'முரண்டு பிடிக்கிறார்' என்று நினைத்தது வலியாக இருக்கலாம்.

மனம் உடைந்தவர்: குரல் தாழ்ந்து, அசைவு மெதுவாகி, யாரோடும் சேராமல், ஆசையாக வைத்திருந்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தால் அசட்டையாக இருக்காதீர்கள். 'செத்துடலாம்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாறாக, சொல்ல ஓர் ஆள் கிடைத்தார் என்ற ஆறுதல் வரும். தனியே விடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

இந்த வாரப் பயிற்சி

படித்ததை மறந்துவிடாமல் இருக்க ஏழு நாளைக்கு இதைச் செய்யுங்கள்.

முதல் இரண்டு நாள், வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சும்மா கவனியுங்கள். நடை, குரல், சாப்பாடு, தூக்கம் வழக்கமாக எப்படி என்று மனசில் குறித்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லவேண்டாம்.

மூன்றாம், நான்காம் நாள், செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசுங்கள். முதல் இரண்டு நிமிடம் குறுக்கே பேசக்கூடாது.

ஐந்தாம், ஆறாம் நாள், நீங்கள் கவனித்த ஒரே ஒரு விஷயத்தைக் கேள்வியாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு ஐந்து எண்ணிக் காத்திருங்கள்.

ஏழாம் நாள், "நான் பேசும்போது என் மூஞ்சி எப்படி இருக்கு?" என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். நாம் சாதாரணமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருப்போம். "எப்பவும் சண்டைக்கு வர்ற மாதிரியே இருக்கு" என்று பதில் வரலாம்! கோபித்துக்கொள்ளாமல் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாளிலிருந்து புருவத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

வீட்டில் இருக்கிற பெரியவரிடமிருந்தே இந்தப் பயிற்சியை ஆரம்பியுங்கள். 'பிள்ளைங்களுக்கு எதுக்குத் தொந்தரவு' என்று வலியை மறைக்கிறவர்கள் அவர்கள்தான்.